வியாழக்கிழமை எப்போது தொடங்கியது

மட்டாஞ்சேரியில் யூதர் தெருவுக்குள் நுழைந்தால் இடப்பக்கம் மூன்றாவது கட்டடம் எங்கள் கம்பெனி. மிளகு, சுக்கு, ஏலம். நான் அங்கே கடிதப் போக்குவரத்து பார்த்துவந்தேன். முதலாளி யூதர். மலையாளம்தான் பேசுவார். எங்களுடையது மூன்று தலைமுறையாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்ப் பிராமணக் குடும்பம் என்பதால் என்னைச் ‘சாமி’ என்று கூப்பிடுவார்.

எழுபதுகளின் கடைசி அது. தெருவின் யூதர்கள் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யார் டிக்கெட் வாங்கினார், யார் பெட்டி கட்டினார் என்பதுதான் தெருவின் செய்தி. தெருக்கோடியில் ஜூதப்பள்ளி, அவர்கள் தொழும் இடம். கூட்டுத் தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் சில பிரார்த்தனைகளைச் சொல்லக்கூடாது. இறந்தவருக்காகச் சொல்வது அதில் ஒன்று.

முதலாளியின் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிள்ளைகள் இல்லை. அந்த அம்மாளுக்காக அதைச் சொல்ல முதலாளியை விட்டால் ஆளில்லை. தெருவில் மிஞ்சியிருந்த ஆண்கள் ஒன்பது பேர். அதிலும் அண்ணன் தம்பி இருவர் அடுத்த மாதம் விமானம் ஏறுகிறார்கள். இந்த முதல் வருஷ நாளில் முடியாவிட்டால் பிறகு முடியாது.

“பத்தாவது ஆளுக்கு ஒரு வழி பாரு சாமி,” என்றார் முதலாளி. “இல்லேன்னா நீயே பூணூலை உள்ளே தள்ளிக்கிட்டு வந்து நில்லு.”

“நான் நின்னாலும் ஒன்பதுதானே முதலாளி.”

“அதுவும் சரிதான். இந்த உயரத்துக்கு உன்னை அரை ஆளாக்கூட எடுத்துக்க மாட்டாங்க.”

வழி கிடைத்தது. வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் இன்ஜினியர் யூதர் என்று சரக்கு ஏற்றும் இடத்தில் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். வருகிறேன் என்றார். முதலாளியின் மேசைக்குப் பின்னால் தொங்கும் யூதக் காலண்டரில் அவர்கள் தேதிக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் தேதியும் இருக்கும். அதில் பார்த்தால் அந்த நாள் வியாழக்கிழமை. வியாழன் மாலை ஏழு மணி என்று இன்ஜினியரிடம் சொல்லி, டைரியில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். கப்பல் வெள்ளி காலையில் கிளம்புவதையும் குறித்துக்கொண்டேன். முதலாளியிடம் ஆள் கிடைத்தாயிற்று, நேரத்துக்கு வந்துவிடுவார் என்று மட்டும் சொன்னேன்.

புதன் மாலை ஏழேகாலுக்குப் பள்ளியின் காவல்காரர் என் வீட்டுக்கு வந்தார். “எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. உங்க ஆள் எங்கே?”

“நாளைக்குத்தானே சேட்டா?”

“சூரியன் இறங்கினதும் வியாழக்கிழமை வந்தாச்சே, சாமி.”

பத்தொன்பது வருஷமாக அந்தத் தெருவில் வேலை பார்த்தவன் நான். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் அவர்கள் கடையடைத்து வீட்டுக்கு ஓடுவதை வாரம் தவறாமல் பார்த்தவன். அவர்களுடைய எல்லா நாளும் அப்படித்தான் தொடங்கும் என்பது என் புத்தியில் ஏறவில்லை. எனக்கு நாள் என்றால் காலையில் தேதி கிழிப்பது.

அப்போதே தீவுக்குப் போனேன். இன்ஜினியர் கப்பலில் வேலையில் இருக்கிறார், காலைவரை இறங்க முடியாது என்று துறைமுக வாசலில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“நாளைக்கு அஸ்தமனம்வரைக்கும் அவ நாள்தான்,” என்றார். “அதுக்குள்ளே கூட்டிக்கிட்டு வா.”

வியாழன் காலை ஆறரைக்கு மறுபடி துறைமுக வாசல். வேலை முடிந்த கையோடு இன்ஜினியர் ஆலப்புழை பார்க்க டாக்சியில் கிளம்பிவிட்டாராம். ஆறு மணிக்குள் திரும்புவார். அன்றைக்கு அஸ்தமனம் ஆறு நாற்பத்தாறு. பஞ்சாங்கத்திலும் பேப்பரிலும் பார்த்து வைத்திருந்தேன். பகல் முழுவதும் அந்த வாசலிலேயே நின்றேன். கர்க்கடக மாத மழை விட்டு விட்டுப் பெய்தது. அங்கிருந்த காவலாளி ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, “யாராவது செத்துப்போனாங்களா?” என்று கேட்டார். ஆமாம், போன வருஷம் என்றேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

டாக்சி வந்தபோது மணி ஆறு பதினெட்டு. ஏழுக்குத்தானே என்று சிரித்தார் இன்ஜினியர். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அதே டாக்சியில் ஏறினோம். பாலம் தாண்டித் தோப்பும்படியில் மீன் லாரிகள் வழியடைத்து நின்றன. நான் இறங்கிப் போய் டிரைவர்களைக் கும்பிட்டேன். ஒருவன் இறங்கிவந்து லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னான். தெருமுனையில் டாக்சியை விட்டு இருவரும் ஓடினோம்.

பள்ளி வாசலில் முதலாளி வெறுங்காலோடு நின்றிருந்தார். உள்ளே விளக்கொளியில் எட்டுப் பேர். மேகம் மூடியிருந்ததால் சூரியன் இருக்கிறதா, போய்விட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே கோபுரத்துக் கடிகாரம் ஓடி எத்தனையோ காலமாயிற்று. தெருவில் எல்லோரும் நேரம் கேட்பது என்னிடம்தான்.

“மணி என்ன சாமி?”

ஆறு நாற்பது என்று சொல்லியிருக்கலாம். வானத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “ஆறு ஐம்பத்து மூணு.”

அடுத்த மாதம் விமானம் ஏறும் அண்ணன் தம்பியில் மூத்தவர் உள்ளேயிருந்து, “பிரார்த்தனையைச் சொல்லுங்க, ஏழு நிமிஷத்துல என்ன ஆயிடும்? கடவுள் வாட்சா கட்டியிருக்கார்?” என்றார்.

“அவர் பார்க்க மாட்டார். அவ பார்ப்பா,” என்றார் முதலாளி. “நாப்பது வருஷத்துல வெள்ளிக்கிழமை விளக்கை அவ ஒரு நிமிஷம் தாமதமா ஏத்தினது கிடையாது.”

பத்துப் பேரும் இரவுத் தொழுகையைத் தொழுதார்கள். நான் வாசலில் நின்றேன். பிரார்த்தனை வரவேண்டிய இடத்தில் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் தரையின் நீல ஓடுகளைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நின்றார். சிறிது நேரம் பொறுத்துவிட்டு மேலே தொடர்ந்தார்கள்.

வெளியே வந்ததும் இன்ஜினியர், கப்பல் அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வந்தால் முன்கூட்டியே கடிதம் எழுதுகிறேன், கட்டாயம் வந்து பத்தாவது ஆளாக நிற்கிறேன் என்றார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எழுதுங்க,” என்றார்.

பக்கத்தில் அண்ணனும் தம்பியும் குனிந்து, நனைந்த செருப்புகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.