மக்காச்சோளம் போட்ட கார்ன் பீஃப்

அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இருபத்தைந்து பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டவர், எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு டீ போட்டுக்கூட நான் பார்த்ததில்லை. லீவில் வரும்போது அவர் விருந்தாளி. அம்மா சீலா மீன் பொரித்து வைப்பாள், அவர் சாப்பிடுவார், மறுபடி கப்பலுக்குப் போவார். போன வருடம், இனிப் போவதில்லை என்று வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. கப்பல் பழக்கத்தில் விடியுமுன் எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல் வாசல் கேட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவரிடமிருந்து அம்மா கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போயி டிவி பாருங்க. இது என்ன கப்பலா?"

அந்த வாரம்தான் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போனில் கூப்பிட்டார். ஒரு கப்பலில் ஆள் குறைகிறதாம், ஒரே ஒரு டிரிப். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக அப்பா பதில் சொன்னார். எங்கள் மாடிப்படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். அந்த முழங்காலோடு ஆடுகிற கப்பலில் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கப் போகிறார் என்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. போகாதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டார். அதனால் வேறொன்று கேட்டேன்.

"கப்பல்ல ஞாயித்துக்கிழமை வைப்பேன்னு சொல்லுவீங்களே, கார்ன் பீஃபும் கோஸும். அதை இங்க செஞ்சு தாங்கப்பா."

அன்று சாயங்காலமே மாட்டின் நெஞ்சுக்கறி வாங்கி வந்துவிட்டார். அதை ஒரு வாரம் உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மெல்ல வேகவைக்க வேண்டுமாம்.

நான் ஒரு உப்புக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் வரிசைப்படுத்தாமல் என்னால் தொடங்க முடியாது. முதலில் உப்பு, அது என் பொறுப்பு. அடுத்து சர்க்கரை, மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலை. பிறகு மூடியுள்ள பெரிய டப்பா. கடைசியாக ஃப்ரிட்ஜில் இடம். இதுதான் சிக்கல், ஏனென்றால் ஃப்ரிட்ஜ் அம்மாவுடையது.

"மாவுச் சட்டிக்குப் பக்கத்துல ஒரு வாரம் பச்சைக் கறி கிடக்கணுமா? மிளகாயப் போட்டுப் பிரட்டுனா இன்னைக்கே தின்னு முடிச்சிரலாம்லா."

அடித்தட்டில் இருந்த காய்கறிகளை நானே வெளியே எடுத்து இடம் பண்ணினேன். கப்பலுக்கு வரும் கறி இளஞ்சிவப்பாக இருக்குமாம். அதற்கென்று சேர்க்கும் உப்பு வேறு, அளவு தவறினால் விஷம். அது வேண்டாம் என்றேன். அப்படியானால் கறி பழுப்பாகத்தான் வரும் என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். உப்புத்தண்ணீரைக் கொட்டிவிட்டு, கறியைக் கழுவி நல்ல தண்ணீரில் போட்டார். அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டாள்.

"ஒரு வாரம் உப்புல ஊறப் போட்டுட்டு, இப்ப அந்த உப்பையே கழுவி விடுதாவ. என்ன சமையலோ!"

அப்பா தீயைக் குறைத்தார். தண்ணீரில் ஒன்றிரண்டு குமிழிதான் வந்தது. குக்கரில் வைத்தால் என்ன என்று அம்மா கேட்டாள். அப்பா அதே பாத்திரத்தை மூடி வைத்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே நினைத்தேன்.

கறி முக்கால் வேக்காடு வெந்து, அப்பா கோஸை அரிந்துகொண்டிருந்தபோது அம்மா வியர்வையோடு திரும்பி வந்தாள். பையிலிருந்து இரண்டு மக்காச்சோளக் கதிரை எடுத்து மேடையில் வைத்தாள்.

"ஒரு வாரமா கார்ன் பீஃப், கார்ன் பீஃப்னு அப்பாவும் மகளும் பேசுதிய. கோஸ் வாங்கியாச்சு, கேரட்டு வாங்கியாச்சு. கார்ன் எங்க? ரெண்டு பேருமே மறந்துட்டியளே!"

அந்தப் பெயரில் வரும் கார்ன் மக்காச்சோளம் இல்லை, கல்லுப்பின் மணி. எங்கள் ஆய்வகத்தில் குருணை என்போமே, அதுதான். சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"நல்ல வேளை கொண்டாந்த" என்றார் அம்மாவிடம். "உரிச்சுத் தா."

அம்மா தரையில் உட்கார்ந்து உரித்தாள். "ஒரு கதிர எத்தனை துண்டா வெட்டணும்?"

"மூணு போதும்."

அடுப்படியில் அம்மா ஒருவரிடம் அளவு கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

கோஸும் சோளமும் உள்ளே போனபோது ஹாலில் அப்பாவின் போன் அடித்தது. அவர் கையெல்லாம் ஈரம். அம்மா போய் எடுத்தாள்.

"அவுக அடுப்படியில வேலையா இருக்காவ. பெறவு பேசுங்க."

"யாருளா?" என்றார் அப்பா.

"ஏஜென்ட்டு. வேலையா இருக்காவன்னு சொல்லிட்டேன்."

அப்பா தலையாட்டிவிட்டு மூடியைத் திறந்து சோளத்தைக் குத்திப் பார்த்தார்.

கறி பழுப்பாகத்தான் இருந்தது. நாரின் குறுக்கே மெல்லிசாக அரிந்து போட்டார். கோஸில் கறியின் சாறு இறங்கியிருந்தது. உப்பு சற்றுத் தூக்கல். சோளத்தைக் கடித்தபடி அம்மா சொன்னாள்: "இது மட்டும் இல்லேன்னா ஒரே உப்புக்கரிப்பு."

சாயங்காலம் அப்பா வாசலில் நின்று ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, வேறு ஆள் பார்க்கச் சொன்னார். பிறகு உள்ளே வந்து, யாரிடம் என்றில்லாமல், "அடுத்த தடவை உப்புக் குறைய இன்னொரு தண்ணி மாத்தணும். கறிய நாளைக்கே வாங்கிப் போட்டுரணும்" என்றார்.

அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"மாவுச் சட்டிய மேல தூக்கி வச்சிருதேன்" என்றாள்.