பூசையில் வைத்த கைக்கடிகாரம்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், காஸ் சிலிண்டர் இறக்க வந்தவர். என் கணவரின் அண்ணன் சண்முகவேல் அத்தான், மகள் கோமதியைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு மணியாச்சி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. போனில் பேசிய ரயில்வே ஊழியர் கடைசியாகச் சொன்னார்: “கையில நல்ல வாட்ச் கட்டியிருக்காக. பத்திரமா எடுத்து வச்சிருக்கோம்.”

அந்தக் கடிகாரத்தைப் பற்றி எழுதாமல் அத்தானைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. இந்த நினைவு மலருக்கு அவருடைய நேர்மையைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜராக இருந்தவர், ஒரு குச்சிக்கட்டுகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப்போவது யாருக்கும் தெரியாதது.

எப்போதும்வென்றானில் இருந்த பூர்வீக மானாவாரிக் காட்டைச் சோலார் கம்பெனிக்கு விற்ற வருடம், அந்தப் பணத்தை என்ன செய்வது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தான் கைக்கடிகாரம் வாங்குவது என்று முடிவு செய்தார். கோமதி மேல்படிப்புக்குப் போகும்போது அதை விற்றால் போதும் என்பது அவர் எண்ணம். ஞாயிறுதோறும் வந்து என்னிடம் நோட்டை எடுக்கச் சொல்வார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்கணக்கு எழுதி எழுதித்தான் எனக்கு எழுத்து வந்தது. “நீ எழுது தாயி. உன் நோட்டுல ஏறுனாத்தான் எனக்குப் புத்தி நிக்கும்” என்பார்.

அவர் மனதில் வைத்திருந்த கடிகாரங்கள் இரண்டு. ஒன்று தங்கம், ஒன்று எஃகு. “தங்கத்துல உள்ளது கண்ணுக்கு அழகு. ஆனா கடைவாசலைத் தாண்டுனதும் விலை இறங்கிருது. எஃகுல உள்ளதுக்கு அவனவன் பேரு பதிஞ்சுட்டு வருசக்கணக்காக் காத்துக் கெடக்கான். அது வெளிய வந்ததும் விலை ஏறுது.”

அவர் மனைவி பொன்னுத்தாய் அக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. “காட்டை வித்து இரும்பு வாங்குதாராம். இரும்புதான் வேணும்னா வீட்டுல பழைய ஏர்க்கொழு கெடக்கு, அதைக் கையில கட்டிக்கிட்டு அலையச் சொல்லு” என்றார். அத்தான் சிரித்துக்கொண்டே, “கொழுவுக்கு வாரண்டி கார்டு கிடையாதே” என்றார்.

எட்டயபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவருடைய கூட்டாளி காசிம் அண்ணாச்சிதான் சென்னைக்குத் துணைக்குப் போனார். கடையில் தங்கக் கடிகாரத்தைக் கட்டிப் பார்த்த அத்தான் அதைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டார் என்று காசிம் அண்ணாச்சி பிறகு சொன்னார். வாங்கியது எஃகைத்தான். பெயர் பதிந்து, காத்திருந்து, இரண்டாவது பயணத்தில் கைக்கு வந்தது.

எங்கள் பீரோ பலமானது என்பதால் பெட்டியை என்னிடம் கொடுத்து வைத்தார். “கட்டக் கூடாது, ஈரம் படக் கூடாது” என்று மட்டும் சொன்னார். நானும் அதை அப்படியே காத்தேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு அரிவாள்மணை, தையல் மிஷின், என் கணக்கு நோட்டு எல்லாவற்றோடும் அதையும் வைத்தேன். கோமதியின் படிப்பு அதில்தானே இருக்கிறது. கடிகாரத்தின் பின்பக்கத்திலும் கொக்கியிலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. தாளின் மேல் பொட்டு வைத்தால் அது சாமிக்குப் போய்ச் சேராது என்று தோன்றியது. நகத்தால் கிளப்பி உரித்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வாரண்டி கார்டுக்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

மத்தியானம் பொரிகடலை வாங்கிக்கொள்ள அத்தான் வந்தார். சாமி படத்துக்கு முன்னால் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

“தாயி, இதுல ஒட்டியிருந்த தாளு எங்க?”

“அது குப்பைக்குப் போயிட்டு அத்தான். பிசுபிசுன்னு இருந்துச்சு.”

அவர் வேட்டி நுனியால் சந்தனத்தை மெதுவாகத் துடைத்தார். பிறகு கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

“என்னண்ணே, கட்டவே கூடாதுன்னீங்க?” என்றார் என் கணவர்.

“பூசை போட்டாச்சுல்லா. இனி அது வேலை பார்க்கணும்லா” என்றார். என்னிடம் கையை நீட்டிக் காட்டி, “நல்லா இருக்கா?” என்று கேட்டார். என் பூசைதான் அவர் மனதை மாற்றியது என்று நான் பெருமைப்பட்டேன்.

அதன்பின் அது அவர் கையை விட்டு இறங்கவில்லை. பஸ்ஸில் ஒருவர், “டூப்ளிகேட் நல்லா இருக்கே. ஐந்நூறு இருக்குமா அண்ணாச்சி?” என்று கேட்டாராம். “கூடக்குறைய இருக்கும்” என்று சொன்னாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் கோமதி கடிகாரத்தைப் படமெடுத்துச் சென்னையில் ஒரு வியாபாரிக்கு அனுப்பினாள். அவர் போனில் பேசியதை நானும் கேட்டேன். “கட்டாம, தாள் பிரிக்காம இருந்திருந்தா நாங்களே தேடி வந்திருப்போம். இப்ப இது பழைய வாட்ச் மேடம். கார்டுல வேற கறை இருக்கு.” அவர் சொன்ன விலை அவள் கேட்டிருந்த படிப்புக்குக் காணாது.

கோமதி போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு எனக்குன்னு சொல்லி வாங்குனாக, சித்தி. கடைசில அவுகளே கட்டித் தேச்சுட்டாக.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்; அன்று அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கோமதி, உன் அப்பா தேய்க்கவில்லை. தாளை உரித்தவள் நான். கார்டில் இருப்பது என் விரல். என்னால் விலை போய்விட்டது என்று தெரிந்தால் நான் தாங்கமாட்டேன் என்றுதான் அவர் அதை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் என் வீட்டில் எத்தனை காப்பி குடித்திருப்பார், ஒரு சொல் சொன்னதில்லை. இனி நான் என்ன செய்தாலும் அந்தத் தாள் திரும்ப ஒட்டாது. செண்பகவல்லி அம்மன் சன்னதியில் போய் நின்று பார்த்துவிட்டேன். என்ன கேட்பது என்றே தெரியாமல் திரும்பி வந்தேன்.

போய்வாருங்கள், அத்தான். உங்களை வணங்குகிறேன்.

காசிம் அண்ணாச்சி, தினமும் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் நீங்கள். எனக்காக மட்டும்தான் அதைக் கட்டினாரா, கட்டியதில் அவருக்குக் கொஞ்சமாவது சந்தோஷம் இருந்ததா? உங்களிடம் சொல்லியிருப்பார். எதுவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.