ஒரு வினைச்சொல்லும் பத்தொன்பது சீட்டுகளும்

அக்கம்பக்கத்தில் அவருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர். கேட்டவர்கள் சூதாடி என்று நினைத்துக்கொண்டார்கள். பாவம், அவருக்கு ராஜா எது ராணி எது என்றுகூடத் தெரியாது. ஆங்கிலம்–துருக்கி அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அங்கே ஒரு சொல்லுக்கு இன்ன பொருள் உண்டு என்று எழுதினால் மட்டும் போதாது. யாரோ உண்மையிலேயே அப்படிப் பேசினார்கள் என்பதற்குச் சாட்சியாகச் சீட்டு வேண்டும். உள்ளங்கை அகலக் காகிதத்தில் அந்த வாக்கியம், கீழே தேதி, மூலையில் துருக்கிச் சொல்.

கடைசி மூன்று வருடம் ‘ஸ்டாண்ட்’ என்ற ஒற்றை வினைச்சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிற்பது என்றுதானே நாம் நினைக்கிறோம்? துருக்கிக்காரர்கள் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார்களா! காலூன்றி நின்றால் ‘அயக்தா துர்மக்’. தேர்தலில் நின்றால் ‘அதாய் ஒல்மக்’. பாரத்தைப் பாலம் தாங்கினால் ‘தயான்மக்’. பிடிக்காததைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனால் ‘கத்லான்மக்’. முதல் மூன்றுக்கும் செய்தித்தாளிலேயே சாட்சி அகப்பட்டது. நான்காவதற்கு அவர் வாசலைத் தாண்டவே வேண்டியிருக்கவில்லை.

மனைவி முன்பு ஆங்கில ஆசிரியை. கணவரின் தொழில் துருப்பிடிக்கக் கூடாதென்று, கல்யாணமான நாள்முதல் வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுபவள். குடியிருப்பதோ ஓர் அச்சகத்தின் மேல்மாடியில். காலை எட்டு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கினால் அலமாரியில் தட்டுகள் தந்தியடிக்கும். வேறு ஊரில் அவளுடைய தங்கை ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறாள். அக்காவுக்கு அங்கே வேலையும் தயார், பக்கத்திலேயே இரண்டு அறையும் தயார்.

“என்னங்க, இந்தச் சத்தத்தை இனிமே என்னால தாங்க முடியாது. நாம அங்கேயே போயிடலாமே?”

“பார்க்கலாம்” என்பார் சீட்டுக்காரர். முகமெல்லாம் மலர்ந்துவிடும். ஆங்கிலத்தில் அவள் சொன்னது ‘கான்ட் ஸ்டாண்ட்’ அல்லவா, எவ்வளவு உயிருள்ள வாக்கியம்! குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிவைப்பார். ஆள் கெட்டவர் அல்ல. அந்த வாக்கியத்தின் வாலில் தன்னிடம் கேட்ட கேள்வி ஒன்றும் இருந்தது என்பதுதான் அவர் மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லை என்றா சொன்னேன்? ஏறியது. ஏறியதை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்.

“அவருக்கு எப்பவும் அகராதி ஞாபகம்தான். நான் பேசறது எதுவும் காதுல விழறதே இல்ல” என்று அவள் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்கும் அதையே சமாதானமாகச் சொல்லிக்கொண்டாள்.

இந்த நிலையில் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு தலைமைப் பதிப்பாசிரியை வந்தார். ‘கத்லான்மக்’ கட்டைப் பிரித்தார். பத்தொன்பது சீட்டு, பத்தொன்பதும் ஒரே குரல்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இதெல்லாம் நீங்களே உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கு. நிஜத்துல ஒருத்தங்க இத்தனை தடவை, இவ்வளவு தெளிவா சொல்வாங்களா? சொன்னா, கேட்டவங்க சும்மா இருப்பாங்களா?”

சீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. கேள்வியின் பின்பாதி அல்ல, முன்பாதிதான். இருபத்திரண்டு வருட நேர்மையைச் சந்தேகிப்பதா! “எல்லாம் ஒருத்தங்க நிஜமா சொன்னதுதான்” என்றார்.

“அப்போ சொன்னவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. திங்கட்கிழமைக்குள்ள வரலைன்னா இந்தப் பொருளை எடுத்துட வேண்டியதுதான்.”

சனிக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது, மேசைமேல் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று இருந்தது.

“தங்கச்சிக்கு எழுதிட்டேங்க, நான் வரலைன்னு. உங்களை இங்க தனியா விட்டுட்டு எப்படிப் போறது? எது நடந்தாலும் தெரியாத மனுஷன் நீங்க. வெளிய போறப்போ தபால்ல போட்டுடுங்க.”

ஒரு மனிதனுக்கு அதிர்ஷ்டம் இதைவிட எப்படி வரும்? வாயை மூடிக்கொண்டு கடிதத்தைப் பைக்குள் போட்டிருக்கலாம். நம்மவர் பைக்குள்ளிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார்.

“ஒரு சின்ன உதவி. இதுல எல்லாம் கையெழுத்து போட்டுக் குடு. நீ சொன்னதுதான்னு அவங்க நம்ப மாட்டேங்கறாங்க.”

அவள் உட்கார்ந்து வாசித்தாள். முதலாவது, இயந்திரம் புதிதாக வந்த மாதத்தில் சொன்னது. ஒன்று, காய்ச்சலில் கிடந்த வாரத்தில் சொன்னது. இன்னொன்று, அழுதுகொண்டே சொன்னது. அழுகை சீட்டில் இல்லை. வாக்கியம் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பேனாவைத் திறந்து நீட்டியபடி அவர் பக்கத்தில் நின்றார்.

“ஏதாவது தப்பா எழுதியிருக்கேனா?” என்று கவலையோடு கேட்டார்.

“இல்ல. எல்லாம் நான் சொன்னதுதான்.”

பத்தொன்பதிலும் கையெழுத்திட்டாள். மூடியைத் திருகிப் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

“இத்தனை நாளா உங்க காதுல விழலைன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். “விழுந்திருக்கு.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவள் கடிதத்தை உறையோடு கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பெட்டியை இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியேறிவிட்டாள்.

திங்கட்கிழமை, தலைமைப் பதிப்பாசிரியை சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து, தேதி எல்லாம் கச்சிதம்.

“என்னை மன்னிச்சுடுங்க சார். அந்தம்மாவுக்கு அலுவலகத்துச் சார்பா ஒரு நன்றிக் கடிதம் அனுப்பணும். விலாசம் சொல்லுங்க.”

சீட்டுக்காரர் ஊர்ப் பெயரைச் சொன்னார். எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று பதிப்பாசிரியை கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.