தின்னர் போட்டுத் துடைத்த நிறம்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இடிபட்டு வரும் காரை நான் தட்டி நிமிர்த்துவேன். அவர் பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்ட் கலந்து அடிப்பார். ஒரே பட்டறை. நான் நாலு நாள் சுத்தியலோடு மல்லுக்கட்டியதை யாரும் பேசமாட்டார்கள். மாமா அரை நாள் ஸ்ப்ரே கன்னைப் பிடித்துவிட்டு வாங்கும் பேரைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். எரிந்தாலும் பொய் சொல்லக்கூடாது. பத்து வருட வெயிலில் வெளுத்த சிவப்பைக்கூட, டப்பாவுக்குள் குச்சியை விட்டு நாலு சுற்றுச் சுற்றி அப்படியே கொண்டுவந்துவிடுவார்.

வண்டியை ஒப்படைக்கும்போது அவருக்கு ஒரு விளையாட்டு. காலை பத்து மணிக்குப் பட்டறை வாசலில், நல்ல வெயிலில் காரை நிறுத்திவிட்டு, வந்தவரிடம் கேட்பார்: "புதுசு எங்க முடியுது, பழசு எங்க ஆரம்பிக்குதுன்னு விரல வச்சுக் காட்டுங்க பாக்கலாம்." வந்தவர் குனிவார், நிமிர்வார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுவார். ஒரு வக்கீல் முழங்கால் மண்ணாகும்வரை தேடிவிட்டு, அடிபடாத கதவைக் காட்டினார். அன்று முழுக்க மாமாவுக்குப் பசியே எடுக்கவில்லை.

அந்த மாமாவின் வலது புறங்கையில் ஒரு வெண்புள்ளி வந்தது. மணிக்கட்டுக்குக் கீழே பட்டாணி அளவில் தொடங்கி, ஆறு மாதத்தில் விரல்வரை இறங்கி, கண்ணோரத்திலும் ஒன்று எட்டிப் பார்த்தது. அது ஒட்டுகிற வியாதி இல்லை. ஆனால் ஒரு சில்வர் கார்க்காரர் மாமா நீட்டிய சாவியைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கினார். போகும்போது பட்டறை முதலாளியிடம், "சொந்தக் கையோட கலரையே காப்பாத்திக்க முடியாத ஆளு, என் வண்டிக்கு என்ன கலர் பாத்திருப்பாரோ" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். "கொஞ்ச நாள் உள்ளயே இருங்க. வண்டிய நானே குடுத்துடறேன்" என்று மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மாமா முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். முதலாளிக்கு நீலமா பச்சையா என்று தெரிய டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அவர் வண்டி கொடுக்கிற அழகை மாமா உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பார். மாமாவின் பேரைக் கண்டு வயிறெரிந்த எனக்கே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். துணைக்கு நான். அந்த டாக்டரம்மா ஒரு டியூப் எழுதிக் கொடுத்தார்.

"இது வைட்டமின் டி வகைக் களிம்பு."

"வைட்டமின்னா முழுங்கறதுதானே டாக்டர்?"

"இது பூசறது. காலைல பத்து நிமிஷம் வெயில் காட்டிட்டு, மெல்லிசா ஒரு தடவ பூசுங்க. மூணு நாலு மாசம் பொறுக்கணும். எல்லாருக்கும் முழுசா நிறம் திரும்பும்னு நான் சொல்லமாட்டேன்."

பெயிண்டரிடம் போய் மெல்லிசாப் பூசச் சொன்னால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் சமையலறை மேசைமேல் செய்தித்தாளை விரித்து, புள்ளியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, முதல் கோட், காயவிட்டு இரண்டாவது கோட். "அது கையா, காரா?" என்று அக்கா கேட்டாள். ஒரு மாத டியூப் ஒன்பதே நாளில் காலி. அதன்பிறகு டியூப் அக்காவின் பீரோவுக்குள் போய்விட்டது. அவளே பிதுக்கி, அவளே தடவி, அவளே பூட்டினாள்.

மாமா சும்மா இருப்பாரா? ஒரு டப்பா மூடியில் தன் கையின் நிறத்தைக் கலந்து வைத்துக்கொண்டார். பழுப்பு, மஞ்சள், துளி சிவப்பு, துளி கறுப்பு. அச்சு அசலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார். "பேசாம இதையே கையில அடிச்சுடலாமே மாமா" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாலு மாதம் ஆயிற்று. "ஒண்ணும் வரல. எல்லாம் ஏமாத்து வேல" என்று முனகிக்கொண்டே டாக்டர் முன்னால் கையை நீட்டினார். டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"தோலு ஏன் இப்படிச் சிவந்து சொரசொரன்னு இருக்கு? என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பெயிண்ட் தெறிக்குது. தினம் சாயங்காலம் தொடைக்கிறேன்."

"எதால?"

"பெயிண்ட் கரைக்கிற தின்னராலதான். அதுக்கும் போகல. அதனால எமரி பேப்பர் வச்சு லேசா…"

டாக்டர் லென்ஸைக் கீழே வைத்தார். "என்ன கலர் பெயிண்ட் தெறிக்குது?"

"பிரவுன்."

"எத்தன பிரவுன் வண்டி வந்துச்சு இப்போ?"

மாமா யோசித்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், முடியவில்லை. "ஒண்ணுகூட இல்ல டாக்டர். ரெண்டு மாசமா வெள்ளையும் சில்வரும்தான்."

டாக்டர் லென்ஸை மாமாவிடம் கொடுத்தார். "நீங்களே பாருங்க. ஒவ்வொரு பிரவுன் புள்ளி நடுவுலயும் ஒரு முடி. இது பெயிண்ட் இல்ல, உங்க சொந்த நிறம். நிறம் முடி வேர்லேர்ந்து இப்படிப் புள்ளி புள்ளியாத்தான் திரும்பும். நல்லவேளை, இது தின்னருக்குப் போற நிறமில்ல. ஆனா இப்படியே தேய்ச்சா தோல் புண்ணாகி, இருக்கறதும் போயிடும்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். ஊரிலுள்ள நிறத்தையெல்லாம் கண்ணாலேயே அளக்கிற மனிதருக்குச் சொந்த நிறத்தைக் காட்டப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. மாமா வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். அப்புறம் பையிலிருந்து டப்பா மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, "புள்ளி ஒரு ஷேடு டார்க்கா இருக்கே டாக்டர்" என்றார்.

"நாள் ஆக ஆகச் சேர்ந்துக்கும். தின்னர் கிட்ட வராம இருந்தா போதும்."

"சரி. அந்த வெயில் விஷயத்தச் சீட்டுல எழுதித் தாங்க. முழங்கை வரைக்கும் சட்டைய மடிச்சுட்டு, காலை பத்து மணின்னு எழுதுங்க. முத்திரையும் குத்திடுங்க."

"இதுக்கு எதுக்குங்க முத்திரை?"

"இருக்கட்டும் டாக்டர். வேணும்."

எதற்கென்று எனக்கும் அடுத்த நாள்தான் புரிந்தது. மாமா அந்தச் சீட்டை முதலாளியிடம் நீட்டினார். "டாக்டர் உத்தரவுங்க. தினம் பத்து மணிக்கு வெயில்ல நிக்கணுமாம். நம்ம பட்டறைல வெயில் விழற இடம் வாசல் மட்டும்தான்."

முதலாளி சீட்டைப் படித்தார். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். "அப்போ வண்டி குடுக்கறது…"

"நீங்களே குடுங்க. நான் பாட்டுக்குச் சும்மா நிக்கறேன்."

அந்த வாரமே கைக்குட்டைக்காரர் திரும்பி வந்தார். மறுபடி இடிபட்டதை வேறு இரண்டு பட்டறைகளில் கொடுத்து அடித்து, கதவு ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாகக் காரே வெண்புள்ளி வந்ததுபோல நின்றது. மூன்று நாள் வேலை. ஒப்படைக்கும் காலையில் மாமா சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். முதலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார். பிறகு சாவியை மாமாவிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

"புதுசு எங்க முடியுதுன்னு காட்டுங்க சார்."

அவர் ஒரு சுற்று வந்து கதவில் ஓரிடம் காட்டினார். மாமா தலையாட்டி மறுத்தார். இன்னோரிடம். அதுவும் இல்லை. அவர் பார்வை மாமாவின் கைக்குப் போய் அங்கேயே நின்றது. வெள்ளைக்கு நடுவில் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள்.

மாமா கையை மறைக்கவில்லை. நன்றாக நீட்டிக் காட்டினார். "இது எங்க ஆரம்பிக்குதுன்னு எல்லாருக்கும்தான் தெரியும் சார். வண்டில காட்டுங்க."

அவர் மறுபடி குனிந்தார். கைக்குட்டை சட்டைப்பையிலேயே கிடந்தது. வெறும் விரலால் கதவைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன பத்து நிமிடம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. மாமாவை உள்ளே கூப்பிட நான் போகவில்லை, முதலாளியும் போகவில்லை.