அந்தப் பெயிண்ட்டை ரெஜினா ஏன் தேர்ந்தெடுத்தாள்

செய்தி காலை ஏழே முக்காலுக்கு வந்தது. மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பட்டறை முதலாளிதான் பேசினார். "நம்ம ரெஜினா இறந்துட்டாம்மா. டெங்குவாம். நாகப்பட்டினத்துல சேத்திருந்தாங்க, விடியக்காலைல முடிஞ்சிருச்சு" என்றார். சரி சார் என்றேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த இரண்டு வாயையும் ஊட்டி, மகளின் வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு அவள் நெற்றியில் கை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தச் செய்தியைக் கேட்டு நான் செய்த முதல் காரியம் அதுதான்.

மினியேச்சர் செய்யும் நம் குழுவில் எல்லோரும் அன்றைக்கே அவளைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் நாற்பது நாள் கழித்து எழுதுகிறேன். அழுகையும் வரவில்லை, சொல்லும் வரவில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. பெயிண்ட் புகைதான் அவளைக் கொன்றது என்று நம்மில் சிலரே பேசிக்கொள்கிறார்கள். தஞ்சாவூர்ப் பட்டறையில் நான்கு வருடம் அவளோடு ஒரே மேசையில் இருந்தவள் நான். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

ரெஜினா வேதாரண்யத்துக்காரி. அம்மா உப்பளத்தில் வேலை. வீடு, அரிசி ஆலை, பஸ் என்று எதையும் ஒரு சாண் அளவில் செய்து தரும் எங்கள் பட்டறைக்கு, டிப்ளமோ முடித்த கையோடு வந்தாள். வந்த முதல் வாரமே ஒரு பாட்டிலைப் பாழாக்கினாள். மேலே 'அக்ரிலிக்' என்று போட்டிருந்ததைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அது தின்னரில் கரைகிற ரகம். எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்துபோனது. முதலாளி கத்தினார். "தண்ணில கரையறதும் அக்ரிலிக்கு, கரையாததும் அக்ரிலிக்கு. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சது நானா சார்?" என்று கேட்டாள். ஆனால் அன்றிலிருந்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாய்விட்டுப் படிக்காமல் எந்த மூடியையும் அவள் திறந்ததில்லை.

பெயிண்ட்டை எவ்வளவு நீர்க்க விடுவது என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். "பிரஷ்ஷுக்குக் கெட்டி மோரு, ஏர்பிரஷ்ஷுக்குப் பால்காரர் ஊத்துற பாலு" என்பாள். பால்காரர் ஊற்றும் பாலில் பாதி தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த அளவு யாருக்கும் மறக்காது. ஒருமுறை முதலாளி மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். காற்றால் பெயிண்ட்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷுக்கென்றே நீர்க்கக் கலந்து விற்பது. அதைத் தூரிகையில் தொட்டு ஜன்னல் சட்டத்தில் வைத்தால் மூலைக்கு ஓடியது. நான்கு பூச்சு பூசியும் அடியில் இருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. "சார், இது ஸ்ப்ரேக்குன்னே பொறந்தது. பிரஷ்ல கட்டி வச்சா ஓடத்தான் செய்யும்" என்றாள். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துபாயில் இருக்கும் ஒருவர் தன் வீட்டையும் வயலையும் சேர்த்துச் செய்யச் சொல்லியிருந்தார். பார்க்க வந்த அவருடைய அப்பா, "ஏம்மா, இது நெல்லா, பச்ச மொளகாத் தோட்டமா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கய்யா. நாத்துப் பச்சையா, நட்டு முப்பது நாள் பச்சையா, பால் புடிக்கிற பச்சையா? எது வேணும்னு சொல்லுங்க" என்றாள். "பால் புடிக்கிறது" என்றார். மறுநாள் ஆறு பிளாஸ்டிக் ஸ்பூனில் ஆறு பச்சையைப் பூசி எடுத்துக்கொண்டு பைபாஸைத் தாண்டி வயலுக்கே போனாள். பயிரோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, கால் முழுக்கச் சேறோடு வந்தாள். பொருந்தியது நான்காவது ஸ்பூன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மகள் அப்போது என் வயிற்றில், நான்காம் மாதம். அப்போது ஸ்ப்ரே செய்ததெல்லாம் தின்னர் ரகம்தான். வழவழவென்று விழும், உடனே காயும், நெடி மதியம்வரை அறையில் நிற்கும். எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. இந்த நெடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதோ என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். "ஏம்மா, ஊர்ல இருக்கற பெயிண்டர் பொண்டாட்டியெல்லாம் புள்ளயே பெத்துக்கலையா?" என்று முதலாளி சிரித்தார். ரெஜினா சிரிக்கவில்லை. "இருங்கக்கா. உங்க பயத்துல எது நெசம், எது சும்மான்னு பிரிச்சிருவோம்" என்றாள். பாட்டிலைப் படித்தாள். சென்னையில் விற்பவரைக் கூப்பிட்டு அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். மதியம் வந்து, "பாதி நெசம்தாங்க்கா, அந்தத் தின்னர் நெடி ஆவாது" என்றாள். நேரே முதலாளியிடம் போனாள்.

"சார், நாளையிலேருந்து இந்த ரூம்ல தண்ணி பெயிண்ட்டுதான்."

"அது ஏர்பிரஷ் ஊசி முனையிலேயே காஞ்சிரும். அடிக்க அடிக்க வேல நின்னு போவும்."

"நிக்கட்டும் சார். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. சித்திரை வெயிலில் பெயிண்ட் ஊசியில் காய்ந்து, வெள்ளைச் சுவரில் புள்ளி புள்ளியாகத் துப்பியது. ஒரு சுவரை மூன்று முறை தேய்த்து மறுபடி அடித்தாள். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டாள். ஈரப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முனையைத் துடைத்தாள். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாமென்று காலை ஆறு மணிக்கே வந்துவிடுவாள். நெடியில்லாத அந்தப் பெயிண்ட்டுக்கும் ஒருநாள்கூட மாஸ்க் இல்லாமல் அவள் கம்ப்ரசரைப் போட்டதில்லை. "இதுக்கு எதுக்குடி மாஸ்க்?" என்று கேட்டேன். "வாசன வரலன்னா நல்லதுன்னு யாரு சொன்னாங்க? பொடி பறக்குதுல்ல, அது நெஞ்சுக்குள்ளதானே போவும்" என்றாள். ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்ததும் அவள்தான். என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

அடக்கத்தன்று வேதாரண்யம் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானே கூடவே இருந்த. அந்தப் பெயிண்ட்டுதான் எம் புள்ளயத் தின்னுருச்சுங்கிறாங்க. ஆமாவாம்மா?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும். டெங்கு என்று டாக்டர் எழுதிய தாளை அவள் அண்ணன் அப்போதுதான் காட்டியிருந்தார். ஆனாலும் நாக்கு அசையவில்லை. "நான்தான் அந்த வேலைக்குப் போவச் சொன்னேன்" என்றார். அப்போதும் பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில் கொசு வருமென்று ஜன்னலை மூடிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் அந்த அண்ணன் பேசினார். அம்மாவுக்கென்று ரெஜினா செய்து கொடுத்த உப்பளம் ஒன்று வீட்டில் இருந்தது. பாத்தி, வரப்பு, வெள்ளைக் குவியல்கள் எல்லாம் வைத்தது. அம்மா அதை ஆட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டாராம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தொட்டால் திட்டுகிறாராம். என் மௌனத்தை அம்மா 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கொட்டகைப் பக்கம் நடந்ததுமே, "புள்ளயத் தள்ளி வச்சுக்கம்மா, அது வெசம்" என்று அம்மா பதறினார். நான் உப்பளத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, மகளின் முன்னால் தரையில் வைத்தேன். "இது தண்ணில கரைச்ச பெயிண்ட்டும்மா. இவ என் வயித்துல இருந்தப்ப, எனக்காக உங்க பொண்ணு சண்ட போட்டு மாத்துனது. அவளுக்கு வந்தது கொசுக் காச்சல். நீங்க அனுப்புன வேல அவளக் கொல்லல" என்றேன்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"தெரியலம்மா. வாய் வரல."

மகள் ஒரு வெள்ளைக் குவியலைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. அம்மா குனிந்து பார்த்தார். "உப்பு அள்ள நல்லாத் தெரியுதே ஒம் மவளுக்கு. நாளைக்குக் கூலிக்கு வரச் சொல்லு" என்றார். பிறகு அந்த உப்பளத்தை இரண்டு கையாலும் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார்.

நண்பர்களே, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஒருவர் பயந்துபோய்க் கேட்டால், தெரிந்ததை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அரை நாள் போதுமாக இருந்தது. நான் நாற்பது நாள் எடுத்துக்கொண்டேன்.