தஹ்மீனா கையெழுத்துப் போட்ட ஜாக்கெட்டுகள்

அதிராம்பட்டினத்தில் கடற்கரைக்குப் போகிற சாலையோரம், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் தஹ்மீனா லைஃப் ஜாக்கெட் தைத்து விற்றுவந்தாள். கஜா புயல் அடித்த வருடம் அவளிடம் இருந்தது ஒரே ஒரு தையல் மிஷின். கடலுக்குப் போகிறவர்கள் கேட்டார்கள் என்று ஆரம்பித்ததுதான். புருஷன் ஷேக் பரீத் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து, சரக்கு ஏற்றிப்போக வேன் ஓட்டினான். தைக்க வந்த பெண்களில் மூத்தவளான காத்தாயி மேற்பார்வை பார்த்தாள். ராணுவத்துக்கு ஜாக்கெட் தைக்கும் டெண்டர் கிடைத்தபோது தெருவே அதைப் பேசியது.

தஹ்மீனா இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போனவள், திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பாள். ஆனால் ராணுவச் சரக்கில் மட்டும் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஒவ்வொரு முறையும் சோதனை அதிகாரி ஒருவர் நேரில் வருவார். கைக்கு வந்த ஜாக்கெட்டுகளை உருவி, கொட்டகைக்குப் பின்னாலுள்ள சிமெண்டுத் தொட்டியில் கல்லைக் கட்டி முக்குவார். ஒரு பகலும் ஓர் இரவும் ஊறிய பிறகு கல்லை அவிழ்த்து, மிதக்கிறதா என்று பார்ப்பார். இரண்டைக் கத்தியால் கிழித்தும் பார்ப்பார். அவர் முத்திரை விழுந்தால்தான் பெட்டி நகரும். அதற்கப்புறம் பொறுப்பு அவருடையது.

அந்த விதியைத்தான் அரசு மாற்றியது. அதிகாரி வருகைக்குக் காத்திருந்து சின்னத் தொழில்கள் முடங்கக் கூடாதாம். நல்ல பெயர் எடுத்தவர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே சோதித்து, தரமானது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். சொன்னது பொய்யென்று தெரிந்தால் டெண்டர் பக்கமே தலைவைக்க முடியாது, வழக்கும் பாயும்.

"உங்களை நம்பி விட்டிருக்காங்க ராத்தா, சந்தோசப்படுங்க" என்றாள் காத்தாயி.

தஹ்மீனா அந்தச் சுற்றறிக்கையை இன்னொரு முறை வாசித்தாள். விதிப்படி சிலவற்றைத் தொட்டியில் முக்கி எடுத்தாள். எடுத்தவை எல்லாம் மிதந்தன. கையெழுத்துப் போட்டாள். சரக்கு போய்விட்டது.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு காலை, பாசி பிடித்த தொட்டியைக் கழுவப் போன காத்தாயி கூப்பாடு போட்டாள். தஹ்மீனா ஓடினாள். சோதனைக்குப் போட்டதில் ஒரு ஜாக்கெட்டை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். கட்டிய கல் எப்போதோ அவிழ்ந்திருந்தது. அப்படியும் ஜாக்கெட் அடியிலேயே கிடந்தது. தூக்கினால் ஈரச் சாக்கு போலக் கனத்தது. தஹ்மீனா கத்தியால் கிழித்தாள். உள்ளே இருந்த ஃபோம், காபியில் நனைத்த ரொட்டி மாதிரி விரலில் பிதுங்கியது.

ஃபோம் அந்த முறை புது ஆளிடம் வாங்கியது. நல்ல ஷீட்டுகளுக்கு நடுவே மட்டமானதையும் செருகியிருக்கிறான். எது எந்த ஜாக்கெட்டில் போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

ஷேக் பரீத் வந்து அந்த ஃபோமைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "போனது போயிருச்சு. நீயா வாயைத் திறக்காதே. மத்தவங்க செஞ்சா தப்பும்பாங்க. நம்ம பேருக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா. சதின்னு சொல்லுவாங்க."

அவன் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் அவளை உலுக்கியது. வாசலில் போலீஸ் ஜீப் நிற்பது போலவும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் முறைப்பது போலவும் கண்ணுக்குள் வந்து போயிற்று. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. வலங்கைமான் பக்கம் குடமுருட்டி ஆற்றின் கரை உடைந்துவிட்டது, மீட்புக்கு ராணுவம் வந்திருக்கிறது என்றார்கள். நெல் வயலுக்கு மேல் கடலாகக் கிடந்த தண்ணீரில் ஒரு படகு போயிற்று. அதில் இருந்தவர்கள் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டிருந்தார்கள். தோளில் இரட்டைத் தையல். அவள் கொட்டகைத் தையல்.

"மச்சான், அது நம்ம சரக்கு" என்றாள். சொல்லும்போதே கை போனை எடுத்துவிட்டது.

சரக்கு வாங்கும் ராணுவ டிப்போவின் அதிகாரி முதலில் புரியாமல் கேட்டார். புரிந்ததும் சரக்கு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "எழுத்துல அனுப்புங்க மேடம். ஆனா அங்க போனவங்களுக்கு சிக்னல் சரியா கிடைக்கலை. நாங்க முயற்சி பண்றோம்."

முயற்சி என்ற சொல் அவளுக்குப் போதவில்லை. மீனவர்களுக்காக, பழைய ஆளிடம் வாங்கிய ஃபோமில் தைத்த ஜாக்கெட்டுகள் மூலையில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் வேனில் ஏற்றினாள். ஷேக் பரீத் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான். பிறகு சாவியை எடுத்தான்.

பட்டுக்கோட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தெரியவில்லை, தண்ணீர்தான். மன்னார்குடிக்கு அப்புறம் சாலை எது வாய்க்கால் எது என்று பார்த்துப் பார்த்துத்தான் போக முடிந்தது. தஹ்மீனா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓதியது மறந்துபோய், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வலங்கைமானுக்கு முன்னாலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ராணுவ முகாம். ஒரத்தநாட்டுக்காரரான சுபேதார் வைத்தியலிங்கம் பொறுப்பில் இருந்தார். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. முகம் மட்டும் இறுகிப்போயிற்று.

"இங்க இருக்கிறதை மாத்திரலாம்மா. ஒரு படகு வெளிய போயிருக்கு. மோட்டார் கொட்டகை மேல ஆளுங்க நிக்கிறாங்கன்னு போனாங்க." வயர்லெஸ்ஸை எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தார். இரைச்சல்தான் வந்தது.

தஹ்மீனா மேட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து வந்தது. மனுஷன் என்று நினைத்து அவள் தண்ணீர் ஓரம் வரை ஓடினாள். மரமென்று தெரிந்ததும் அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷேக் பரீத் பக்கத்தில் வந்து நின்றான்.

வெகுநேரம் கழித்துப் படகு தெரிந்தது. உள்ளே பெண்களும் ஓர் ஆட்டுக்குட்டியும். கரைக்கு வந்ததும் இரண்டு சிப்பாய்கள் மூன்றாமவனைத் தாங்கி இறக்கினார்கள். சின்ன வயசு. உதடு நீலம் பாய்ந்து, வெடவெடவென்று நடுங்கினான். இந்தியில் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றார் சார்?" என்று தஹ்மீனா கேட்டாள்.

வைத்தியலிங்கம் அவளைப் பார்க்காமலே சொன்னார். "படகு வேலிக்கல்லுல சிக்கிருச்சாம். தள்ளிவிட ரொம்ப நேரம் தண்ணியில நின்னிருக்கான். கால் வழுக்கினப்போ ஜாக்கெட் மேல தூக்கலையாம், கீழ இழுத்துச்சாம். கயித்தைப் பிடிச்சுப் பொழைச்சிருக்கான்."

அவன் மேலிருந்த ஜாக்கெட்டைத் தஹ்மீனாவேதான் அவிழ்த்தாள். கொக்கி எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நனைந்து இறுகிய பட்டை விடுபட நேரமாயிற்று. வாய்விட்டு அழுகிற அவளை அவன் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. ஷேக் பரீத் பயந்த வார்த்தையையும் ஓர் அதிகாரி ஜாடையாகக் கேட்கத்தான் செய்தார். "யாராவது சொல்லிச் செஞ்சீங்களா?" தஹ்மீனா தொட்டியில் கிடந்த ஜாக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். சுபேதார் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருந்தார். கடைசியில் ஃபோம் விற்றவன்மேல் வழக்கு, அவளுக்கு ஒரு வருடம் டெண்டர் இல்லை. அதற்கப்புறம் டெண்டர் எடுத்துச் செய்தாலும், தானே கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. அவமானம் என்றார்கள் சொந்தக்காரர்கள். அவளுக்கோ அந்தத் தண்டனை கேட்ட அன்றுதான் சோறு இறங்கியது.

கொட்டகை மூடவில்லை. மீனவர்கள் வாங்குகிறார்கள். ஃபோம் ஷீட் வந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு முனையை வெட்டி ஊறப்போடுகிறாள். அப்படியும் பயம் போகவில்லை. புயல் சின்னம் என்று டிவியில் சொன்னால் போதும், வைத்தியலிங்கத்துக்கு போன் போட்டுவிடுகிறாள்.

"பழசு எதுவும் அங்க தங்கிடலையே சார்?"

"எல்லாம் எரிச்சாச்சும்மா, நானே நின்னு பார்த்தேன். போன தடவையும் இதைத்தான் சொன்னேன்."

"ஆமா சார். இன்னொரு தடவை சொல்லுங்க."