ஏழாம் வகுப்புக்குக் குறைந்த நாலு தலை

புலமைப் பரிசில் பாஸ் பண்ணியதற்காக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூமாலை போட்டார்கள். அதிபர் சேர் ஒலிபெருக்கியில் என் மார்க்கை இரண்டு தரம் வாசித்தார். அடுத்த மாதமே வாப்பா அவரிடம் போய், என்னை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடுகைப் பத்திரத்தைக் கேட்டார். சேரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்பில் அந்தச் சோதனை பாஸ் பண்ணினால் அரசாங்கம் மாதா மாதம் காசு தரும், கல்முனையில் பெரிய பாடசாலையில் இடமும் கிடைக்கும். காசு பிள்ளையோடு போகும். பிள்ளை விட்டுவிட்டுப் போகிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு சோக்குக் கட்டிகூட வராது. அதை யார் யோசித்தார்கள்? எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேர் போனோம். எங்களைப் பார்த்து வசதியான வீட்டுக்காரரும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

மிஞ்சியவர்களில் ஒருத்தி என் கூட்டாளி. முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்குப் பலகையில் ஒட்டி இருந்தவள். கணக்கில் என்னை விடக் கெட்டிக்காரி. சோதனை நேரம் பார்த்து அவளுக்குக் கொப்பளிப்பான் அம்மை வந்துவிட்டது, எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்முனையில் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி வீட்டில் நின்று படித்தேன். மாடிக் கட்டடம், ஆய்வுகூடம், மணியடித்தாற்போல் வந்து நிற்கும் டீச்சர்மார், எல்லாம் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் டாக்டர் வீட்டுப் பிள்ளை. என் கை பட்டாலே கொப்பியை இழுத்துக்கொள்வாள். இடைவேளையில் தனியே நின்று, எங்கள் பழைய வாங்கை நினைத்து அழுவேன். அதன் ஒரு கால் கட்டை. நாங்கள் அதற்கு ஓட்டுத் துண்டு முட்டுக் கொடுத்திருந்தோம். அந்த ஓட்டுத் துண்டுகூட என் ஞாபகத்துக்கு வந்தது என்றால் பாருங்களேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு லீவு நாள் ஊருக்குப் போயிருந்தேன். கூட்டாளி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இஞ்ச பாருகா, புதன்கிழமை கல்விக் கந்தோரால அதிகாரி வாறாராம், தலை எண்ண. பதினைஞ்சு பேர் இல்லாட்டி ஏழாம் வகுப்ப மூடிருவாங்களாம்."

அவர்கள் பதினொரு பேர்தான் இருந்தார்கள், அதில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். அவளுடைய வாப்பாவை எனக்குத் தெரியும். பொம்பிளைப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர். வகுப்பு மூடினால் அவள் படிப்பு அன்றோடு சரி.

அஸர் தொழுகைக்குப் பிறகு அதிபர் சேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பரிசில் பெற்றுப் போன நாலு பேரும் புதன்கிழமை காலை மட்டும் பழைய வகுப்பில் வந்து இருக்கவேண்டுமாம். வரவு இடாப்பில் எங்கள் பெயரை அவர் வெட்டாமலே வைத்திருந்தார்.

"பொய்தானே சேர் இது?" என்றார் வாப்பா.

"பொய்தான். இந்த ஆறு பொம்புளப் புள்ளைகளையும் நான் வேற எங்க கொண்டு போய் விடுற, சொல்லுங்க?"

நான் முந்திக்கொண்டு ஓம் என்றேன். வகுப்பைக் காப்பாற்றவேண்டும் என்றா? அதெல்லாம் இல்லை. எனக்கு அந்த வாங்கில் ஒரு தரம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை பழைய இடத்தில் இருந்தேன். கூட்டாளி என்னோடு ஒட்டிக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோசம் கல்முனையில் ஒரு நாளும் எனக்கு வந்ததில்லை. அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார், எண்ணினார், பதினைந்து. இடாப்பை மூடினார். எழும்பிப் போக வேண்டியதுதான் பாக்கி. கரும்பலகையில் இருந்த, உயிர்க்கலங்கள் பற்றிய விஞ்ஞானப் பாடம் அவர் கண்ணில் பட்டது.

"வெங்காயத் தோல உரிச்சுப் பார்த்தா உள்ளுக்கு என்ன இரிக்கி?"

"கலங்கள் சேர்," என்றாள் கூட்டாளி.

"ஆ, கெட்டிக்காரி. கண்டிருக்கீங்களா?"

"இல்ல சேர். புத்தகத்தில படிச்ச."

"அப்ப ஒருத்தரும் கண்டதில்ல?"

என் கை மேலே போய்விட்டது. பெருமை, வேறென்ன?

"நான் கண்டிருக்கன் சேர். மைக்கிரஸ்கோப்பால."

யா அல்லாஹ்! எங்கள் பள்ளிக்கூடத்தில் மைக்கிரஸ்கோப் வைக்க ஓர் அலுமாரிகூட இல்லை. அதிகாரி சேரைப் பார்த்தார். சேர் நிலத்தைப் பார்த்தார். "நீங்க எந்த இஸ்கூல் மகள்?" என்று அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். அவர் யாரையும் ஏசவில்லை. என்னைப்போல் வேறு யார் என்று சேரிடம் கேட்டு, பேனையைத் திறந்து நாலு பெயரை வெட்டினார்.

அவர் போனதும் சேர் என்னிடம், "போங்க மகள், பஸ்ஸுக்கு நேரமாகுது," என்று மட்டும் சொன்னார். கேற்றடியில் நின்று விக்கி விக்கி அழுதேன். கூட்டாளி வந்தாள். கன்னத்தில் ஓர் அறை விடுவாள் என்று நினைத்தேன். விட்டிருக்கவேண்டும்.

"மெய்யாக் கண்டியாகா? எப்பிடி இரிக்கிம்?"

செங்கல் அடுக்கினாற்போல் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி தெரியும் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஒரு நாளைக்கி என்னையும் கூட்டிப் போய்க் காட்டுகா."

"ஓம்கா," என்றேன்.

அடுத்த தவணை ஏழாம் வகுப்பு திறக்கவில்லை. ஆண் பிள்ளைகள் சைக்கிளில் கல்முனைக்கு வந்தார்கள். ஆறு பெண் பிள்ளைகள் வீட்டோடு நின்றார்கள். வெளிப் பிள்ளைகளை ஆய்வுகூடத்துக்குள் விடமாட்டார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால், விடுவார்களா என்று நான் எந்த டீச்சரிடமும் கேட்கவேயில்லை.

இப்போதும் பெருநாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். வட்டிலாப்பம் வைப்பாள், பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம், அரிசி விலை கதைப்போம். அந்தக் காலையைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை. இந்தத் தரமாவது என்னை வாயார ஏசிவிடமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு போவேன். அவள் இன்னொரு துண்டு வட்டிலாப்பம் வெட்டி என் தட்டில் வைப்பாள்.